மறு: ஊரே கூடி மூடிவைக்கும் கடலுக்குக் கலைச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பங்களில் கொடுப்பதற்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வாலண்டரி மரைன் புரொடெக்டட் ஏரியா' என்ற தொடர் பக்கம் தவறாமல் வருகிறது. அரசாணை இல்லாமல், மீன் பிடிப்பவர்களே கூடிப் பேசிக் கடலில் ஓரிடத்தை மூடிவைத்து, மீன் பெருக விடும் ஏற்பாடு. 'தன்னார்வக் கடல்சார் பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று போட்டிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்குகிறது. உதவுங்கள்.

ராயபுரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'தன்னார்வம்' வேண்டாம். ரத்ததானத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு உரிய சொல் அது. இங்கே தன் பிடிப்பையே விட்டுக்கொடுக்கிறவன் அல்லவா முடிவெடுக்கிறான்? 'தன்னிச்சை' இன்னும் மோசம்; யாரையும் கேட்காமல் செய்வது என்றாகிவிடும். 'பாதுகாக்கப்பட்ட' என்பது செயப்பாட்டுவினை. யாரால் என்பதை அது மறைக்கிறது. இந்த ஏற்பாட்டின் உயிரே அந்த 'யாரால்' தான்.

சொல் நம்மிடமே இருக்கிறது. பட்டினப்பாலையில் பரதவர் முழுநிலா நாளில் 'பாயிரும் பனிக்கடல் வேட்டம் செல்லாது உவவு மடிந்து' உண்டு ஆடுகிறார்கள். உவவு முழுநிலா, மடிதல் தொழிலை நிறுத்தி ஓய்தல். ஆகவே 'மடிகடல்'. வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். வள்ளுவரின் 'மடியின்மை'யும் இந்த வேரே. குழந்தையைக் கிடத்தும் மடி, பசுவின் மடி, வேட்டி மடிப்பு எல்லாவற்றிலும் ஒன்றை உள்ளே வாங்கிக் காக்கும் பொருள் ஓடுகிறது. மீன்குஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது?

காசிமேடு, படகுக்காரர்:

ஐயா, நீங்க சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு மடின்னா வலை. இழுவைமடி, சுருக்குமடி. 'மடிகடல்'னு போட்டா சுருக்குமடி அடிக்கிற கடல்னுதான் படிப்பாங்க. 2000லயே இங்க தடை பண்ண வலை அது, இன்னும் அதுக்காகக் குப்பத்துக்குக் குப்பம் சண்டை நடக்குது. அதுவும் இல்லாம, மடிஞ்சுதுன்னா செத்துப்போச்சுன்னும் அர்த்தம்.

எங்க பேச்சுல ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு தடைக்காலம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள், விசைப்படகு போகக் கூடாது. அது சர்க்கார் போடுறது. இன்னொண்ணு கட்டுப்பாடு. அது ஊர் போடுறது. ஊர்ல சாவுன்னா அன்னிக்கு யாரும் தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க, போனா அபராதம். எந்தச் சட்டத்துலயும் எழுதல, ஆனா மீற மாட்டாங்க. நீங்க கேக்குறது இதுதான்.

திருவொற்றியூர், மீன்வள ஆய்வாளர்:

காசிமேட்டு அண்ணன் சொல்வதில் பாதி கிடைத்துவிட்டது. ஆனால் தடைக்காலம் மூடுவது காலத்தை. இது மூடுவது இடத்தை. அந்த வேறுபாடு சொல்லில் தெரிய வேண்டும்.

இடத்தை ஏன் மூடுகிறோம் என்றால், ஒரு பெரிய களவா இடும் முட்டை பல சின்னக் களவாக்கள் சேர்ந்து இடுவதைவிட அதிகம். அந்தப் பெரிய மீன் வளர ஆண்டுகள் ஆகும். இரண்டு மாத ஓய்வு போதாது. மூடிய இடத்தில் அது நிலைத்தால் குஞ்சுகள் நீரோட்டத்தோடு வெளியே போகும், வளர்ந்த மீனும் எல்லை தாண்டி வரும். அதைத்தான் பக்கத்தில் வலை போடுகிறவர் பிடிக்கிறார். களவா, சிங்கி இறால் போலக் கடலடிப் பாறையை ஒட்டி வாழ்பவற்றுக்கு இது நன்றாகப் பலிக்கும். வஞ்சிரம், மத்தி போல ஓடித் திரிபவற்றுக்குக் குறைவு. கையேட்டில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

பிலிப்பைன்ஸின் ஆப்போ தீவில் 1982இல் சில்லிமான் பல்கலைக்கழகத்தார் துணையோடு ஊர்க்காரர்களே ஒரு சின்னத் துண்டை மூடினார்கள். தேசியச் சட்டத்தின் கீழ் அது வந்தது 1994இல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆப்ஸ் கடலையும் 1984 முதல் இப்படித் தாமாக முன்வந்தே காக்கிறார்கள். மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் 2004இல் ஓரிடத்தில் மட்டும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிப்பைச் சில மாதம் நிறுத்தினார்கள். திறந்தபோது கிடைத்தவை எடை கூடியிருந்தன.

என் பரிந்துரை 'கடல் காப்பகம்'. புலிகள் காப்பகம் எல்லோருக்கும் பழகிய சொல்.

எண்ணூர், பள்ளி ஆசிரியர்:

காப்பகம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் காக்கிச்சட்டை நினைவுக்கு வரும். 'பாதுகாக்கப்பட்ட பகுதி, அனுமதியின்றி நுழையாதே' என்ற பலகையை இங்கே கம்பிவேலிக்கு வேலி பார்த்து வளர்கிறார்கள். அப்பா வலை போட்ட இடத்தில் இன்று சுவர் நிற்கிறது. அந்தச் சொல்லையே கையேட்டில் அச்சிட்டுக் கொடுத்தால், அடுத்த சுவருக்கு அளவெடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். 2017இல் கப்பல்கள் மோதியும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் வந்து கரையில் ஒட்டியது. அதை வாளியால் அள்ளியவர்களிடம் கடலைக் காக்கச் சொல்லப் போகிறோம். சொல்லில் அவர்கள் இருக்க வேண்டும்.

பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. எந்த நாளில் எந்த ஊர் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பங்கிடுவது. அதிலிருந்து சொல் எடுக்க முடியாதா?

ராயபுரம், தமிழாசிரியர்:

அருமை! பாடு என்றால் முறை. மீன்பாடு என்றால் கிடைத்த மீன். 'கட்டுப்பாடு' என்பதே கட்டு + பாடு, அதாவது பாட்டைக் கட்டிவைத்தல்! அப்படியானால் 'கட்டுப்பாட்டுக் கடல்' ...

பழைய வண்ணாரப்பேட்டை, மெய்ப்புத் திருத்துநர்:

ஐயா, பொறுங்கள். கட்டுப்படு என்ற வினையின் முதனிலை திரிந்த தொழிற்பெயர் அது. சுடு சூடானது போலப் படு பாடானது. மீன்பாடும் 'படு'விலிருந்தே வந்தது என்பது சரி. அதற்காகக் கட்டுப்பாட்டுக்குள் மீனைத் தேட முடியாது. தவிர, கட்டுப்பாட்டு அறை, மாசுக் கட்டுப்பாடு என்று அரசு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வெகுநாள் ஆகிறது. 'ஊர்' முன்னால் வந்தால்தான் பொருள் திரும்பும். ஊர்க்கட்டுக் கடல், அல்லது ஊர்க்காப்புக் கடல்.

காசிமேடு, படகுக்காரர்:

ஊர்க்காப்பு சரி. ஏலக்கூடத்துல சொன்னாலும் புரியும்.

ராயபுரம், தமிழாசிரியர்:

ஊர்க்கட்டே செறிவானது. காப்பு என்றால் வளையல் என்றும் கொள்வார்கள். இருந்தாலும் பெரும்பான்மைக்கு இணங்குகிறேன்.

தண்டையார்பேட்டை, மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் நன்றி. 'ஊர்க்காப்புக் கடல்' என்று போடுகிறேன். முதல் பக்கத்தில் 'ஊரார் தாமே பேசி முடிவெடுத்து மீன்பிடிக்காமல் விட்டுவைக்கும் கடற்பகுதி' என்று விளக்கம் வரும். நாளைக் காலை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

திருவொற்றியூர், மீன்வள ஆய்வாளர்:

அனுப்புமுன் என் மறுப்பையும் படித்துவிடுங்கள். ஊர் என்றால் எந்த ஊர்? ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்கள் ஆண்கள். கூடை தூக்கி மீன் விற்கும் பெண்களுக்கு அங்கே இடமில்லை. முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இடமில்லை. கடலை மூடினால் அவர்கள் அடுப்பும்தான் அணையும். ஊர்க்காப்பு என்று பெயர் வைத்தால், அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவும் ஊர் முடிவு ஆகிவிடும். 'ஒப்புக்காப்பு' என்று நான் சொல்வேன். தொழிலை இழக்கிறவர் எல்லோரும் ஒப்பினால்தான் அது காப்பு. சொல்லை மாற்ற நேரமில்லை என்றால், விளக்கத்தில் 'ஊரார்' இருக்கும் இடத்தில் 'அந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர் அனைவரும்' என்றாவது போடுங்கள்.