கறுப்பின லெஸ்பியன் இயக்குநர்களின் படங்களுக்கு, பார்வையாளராக நான் என்ன செய்யலாம்?

கேள்வி (பின்வரிசை)

பிலடெல்பியாவில் வசிக்கிறேன். போன மாதம் ஒரு சமுதாயக் கூடத்தில் செரில் டுன்யேயின் ‘தி வாட்டர்மெலன் வுமன்’ பார்த்தேன். 1996ஆம் ஆண்டுப் படம். கதை நடப்பதும் இதே ஊரில்தான். வீடியோ கடையில் வேலை பார்க்கும் கறுப்பின லெஸ்பியன் பெண் ஒருத்தி, பழைய படங்களில் பணிப்பெண் வேடத்தில் வந்துபோன ஒரு கறுப்பின நடிகை யார் என்று தேடிப் போகிறாள். சொந்தப் பெயர்கூடப் போடாமல் ‘தர்ப்பூசணிப் பெண்’ என்று மட்டும் காட்டப்பட்டவள் அந்த நடிகை.

அவளுடைய புகைப்படங்கள் திரையில் வரத் தொடங்கியதும், என் பக்கத்தில் இருந்த அறுபது வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பெண்மணி முன்நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அப்படி ஒருத்தி வாழவே இல்லை, எல்லாம் கற்பனை என்று கடைசியில்தான் எழுத்து வருகிறது. அந்தப் புகைப்படங்களும் படத்துக்காகவே ஸோயி லெனார்ட் எடுத்தவை. விளக்கு போட்ட பிறகும் அந்த அம்மா பிடியை விடவில்லை. அந்தக் கைகளை என்னால் மறக்க முடியவில்லை.

என்னிடம் 600 டாலர் சேமிப்பு இருக்கிறது. புதிதாகப் படம் எடுக்கும் ஒருவருக்கு அதைக் கொடுத்துவிடவா? அல்லது இன்னொரு திரையிடல் நடத்தவா? என் ஓடிடி கணக்கிலிருந்தே போட்டுக் காட்டலாமா? நான் தமிழ்ப் பெண், கறுப்பினத்தவள் அல்ல. நான் முன்னின்று நடத்துவது முறையா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் 1 (நூலகப் பணியாளர்)

ஓடிடி கணக்கு வேண்டவே வேண்டாம். அது வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். கட்டணம் வாங்காமல் காட்டினாலும் அமெரிக்கச் சட்டப்படி பொதுத் திரையிடல் உரிமை பெற வேண்டும். சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு வருமானம் வரும் வழிகள் மிகக் குறைவு. அதில் ஒன்றை நாமே அடைக்கலாமா?

விநியோகிப்பவருக்கு நேரடியாக எழுதுங்கள். கறுப்பின லெஸ்பியன் கவிஞர் ஆட்ரி லார்ட் பற்றி அடா கே கிரிஃபினும் மிஷெல் பார்க்கர்சனும் எடுத்த ஆவணப்படம் (1995) தேர்ட் வேர்ல்ட் நியூஸ்ரீலிடம் இருக்கிறது. பார்க்கர்சனின் ‘ஸ்டோர்மே’ ஆவணப்படம் (1987) விமன் மேக் மூவீஸிடம் கிடைக்கும். எத்தனை பேர் வருவார்கள், சிறிய குழுவா என்பதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் மாலையே கூடத்துக்குப் போய் ஒலியைச் சோதித்துப் பாருங்கள். நான் நடத்திய முதல் திரையிடலில் கேபிள் பொருந்தாமல் நாற்பது நிமிடம் போனது. வந்திருந்த முப்பது பேரில் எட்டுப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

பதில் 2 (தொகுப்பு மேசை)

நான் மாறுபடுகிறேன். பணத்தை எடுக்கப்படாத படத்துக்குக் கொடுங்கள். நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன்: செலவு 3,00,000 டாலர், அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் தந்தது 31,500. அந்தச் சிறு தொகைக்கே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் எதிர்ப்புக் கிளம்பியது. நிதி திரட்டும் நிகழ்ச்சியும் நண்பர்களின் நன்கொடையும் இல்லாமல் அந்தப் படம் வந்திருக்காது.

உங்கள் ஊர்க்காரர் ஆயிஷா ஷாஹிதா சிம்மன்ஸ், கறுப்பினச் சமூகத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறை பற்றிய ‘நோ!’ ஆவணப்படத்தை 1994இல் தொடங்கி 2006இல்தான் முடித்தார். முடியாத படத்தின் பகுதிகளைக் காட்டிக் காட்டியே ஆதரவு திரட்டினார். பன்னிரண்டு ஆண்டுகள்! ‘வாட்டர்மெலன் வுமன்’ 2021இலும், டீ ரீஸின் ‘பரையா’ 2022இலும் காத்து வைக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்துவிட்டன, மகிழ்ச்சிதான். ஆனால் இன்றைக்கு ஒலிக்கலவைக்குப் பணமில்லாமல் நிற்பவளுக்கு அதனால் என்ன?

பதில் 3 (நூலகப் பணியாளர்)

படம் முடிந்தபின் பார்க்க ஆள் வேண்டாமா? பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமே. உங்கள் தயக்கத்துக்கு ஒரு வார்த்தை: போன மாதம் அந்தத் திரையிடலை யார் நடத்தினார்களோ அவர்களையே கேளுங்கள். எந்தப் படம், பிறகு யார் பேசுவது என்பதெல்லாம் அவர்கள் முடிவாக இருக்கட்டும். நீங்கள் உரிமைக் கட்டணம் கட்டுங்கள், நாற்காலி போடுங்கள், ஆள் சேருங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று அவர்களைப் போய்ப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்த அந்த அம்மாவும் அந்தக் குழுவில் ஒருவராம்! அடுத்த திரையிடலுக்கு ‘ஸ்டோர்மே’யை ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள்; கட்டணத்தில்தான் துண்டு விழுந்ததாம். 300 டாலர் அதற்குக் கொடுத்துவிட்டேன். மீதி, அவர்கள் குழுவில் முதல் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு. சனிக்கிழமை மாலை கேபிளோடு கூடத்துக்குப் போகிறேன்.