செய்தியில் வரும் 'கிளவுட்' (clout) எல்லாமே செல்வாக்குதானா?

ஒற்றுப்பிழை கேட்டது:

செய்தி மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. நாலு செய்தி எடுத்தால் ஒன்றிலாவது கிளவுட் வந்துவிடுகிறது (மேகக் கணிமையில் வரும் கிளவுட் இல்லை, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது, என்ன செய்ய). அகராதி செல்வாக்கு என்கிறது, நானும் எல்லா இடத்திலும் அதையே போட்டுவிட்டுப் போகிறேன். நேற்று ஆசிரியர் ஒரு வரியைச் சுழித்துத் திருப்பி அனுப்பினார்: "தன் அரசியல் செல்வாக்கைப் பயன்படுத்தி மகனுக்கு இடம் வாங்கினார்." ஓரத்தில் 'சப்பென்று இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். இன்ஃப்ளுயன்ஸுக்கும் (influence) இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? தலைப்பில் இடம் மிச்சம் என்றுதான் போடுகிறார்களா?

மூன்றாம்பத்தி:

இடம் மிச்சம் என்பது பாதிதான் சரி. ஒன்பது எழுத்துக்குப் பதில் ஐந்து எழுத்து, ஒற்றைப் பத்தி அகலத்தில் தலைப்பு கட்டுகிறவருக்கு அது பெரிய விஷயம். ஆனால் இடத்துக்குப் பஞ்சமே இல்லாத செய்தி உடலிலும் வருகிறதே. கிளவுட் பழைய ஆங்கிலத்தில் ஒட்டுத்துணி, அப்புறம் அடி, அறை. பிரிட்டிஷ் பேச்சில் இன்றைக்கும் ஒருவன் காதில் ஒன்று விடுவதற்கு இந்தச் சொல் உண்டு. இன்ஃப்ளுயன்ஸோ லத்தீனில் 'உள்ளே பாய்வது', நட்சத்திரங்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதன்மேல் இறங்குகிறது என்ற சோதிட நம்பிக்கையில் பிறந்தது. ஒன்று தெரியாமல் கசிவது, மற்றது பளார். அதனால் ஒரு கவிஞர் அடுத்த தலைமுறையைப் பாதித்தார் என்று எழுத கிளவுட் உதவாது. ஒரு போன் போட்டதும் கோப்பு நகர்கிறது என்றால், அங்கே அதுதான் சொல்.

கடைசிப்பக்கம்:

அமெரிக்க அரசியல் செய்தி என்றால் சிகாகோவை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருளில் சொல் ஊன்றியதே அந்த ஊர் அரசியலில்தான், அங்கே அதற்கு ஒரு கறை உண்டு. 2009-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல்வாதிகளும் அறங்காவலர்களும் கைகாட்டிய மாணவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்ததை சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. அந்தப் பட்டியலைச் செய்திகளில் கிளவுட் லிஸ்ட் என்றே எழுதினார்கள், பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று. அதை 'செல்வாக்குப் பட்டியல்' என்று தமிழில் போட்டால் ஏதோ கௌரவப் பட்டியல் மாதிரி இருக்கும். சிபாரிசுப் பட்டியல் என்று போடுங்கள், படிக்கிறவருக்கு உடனே புரியும். உங்கள் ஆசிரியர் சுழித்ததும் இதற்காகத்தான் இருக்கும்.

மற்றபடி 'சீனாவின் பொருளாதார கிளவுட்' போன்ற இடங்களில் செல்வாக்கு கச்சிதம். பிரித்தால் செல்கிற வாக்கு, சொன்ன பேச்சு எடுபடுகிறது. நாடுகளுக்குப் பொருந்துகிறது.

வெறும்_வாசகன்:

இணையத்தில் கிளவுட் சேஸிங் என்கிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே செல்வாக்கும் கிடையாது, சிபாரிசும் கிடையாது, நாலு பேர் திரும்பிப் பார்க்கவேண்டும் என்ற அலைச்சல்தான். நான் 'விளம்பரப் பசி' என்று எழுதுவேன்.

ஒற்றுப்பிழை:

நன்றி. வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "மேலிடத்துச் சிபாரிசில் மகனுக்கு இடம் பிடித்தார்." சரியா?

மூன்றாம்பத்தி:

வரியில் உயிர் வந்துவிட்டது, ஆனால் யாருடைய மேலிடம்? மூலத்தில் அப்பாவே அரசியல்வாதி, நீங்கள் அவரை வேறு யாரிடமோ போய் நிற்க வைத்துவிட்டீர்கள். "தன் அரசியல் பலத்தைக் காட்டி" என்றால் போதும். இன்னொன்று, மூலச்செய்தி இதை யார் சொன்னதாகப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். அது 'குற்றச்சாட்டு' என்று எழுதியிருந்தால் நீங்களும் 'வாங்கினார்' என்று முடிக்காமல் 'வாங்கியதாகப் புகார்' என்று முடியுங்கள்.