கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் பார்க்க எந்த மாதம் போகலாம்?

கூடல்நகர்வாசி:
அம்மாவுக்கு 68 வயது. திராட்சையைக் கொடியில் பார்த்ததே இல்லையாம். மதுரையிலிருந்து ஒரே நாளில் கம்பம் போய்த் திரும்ப ஆசை. சீசன் எப்போது? ஒயின் செய்வதையும் பார்க்கலாமா?

வைகைக்கரை:
ஆரப்பாளையத்தில் விடியற்காலை பஸ் ஏறிவிடுங்கள். ஆண்டிபட்டி கணவாய் வரும்போது அம்மா ஜன்னலோரம் இருக்கட்டும்.

சுருளிப்பட்டிப் பெண்:
எங்கள் ஊர்ப் பக்கம் சீசன் பார்க்கவே வேண்டாம். ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது, அதாவது புதிதாகத் துளிர்க்கக் கொடியின் கிளைகளை வெட்டிவிடும்போது, பக்கத்துத் தோட்டத்தில் பழம் அறுப்பார்கள். கவாத்து முடிந்து சுமார் 120 நாளில் பழம் வந்துவிடும். வருஷம் முழுக்கப் பழம் கிடைப்பது இப்படித்தான்.

முடிந்தால் கவாத்து நடக்கும் தோட்டத்தையும் காட்டுங்கள். வெட்டிய நுனியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடியும். 'கொடி அழுவுது பாரு' என்பார் அப்பா. பழம் அறுக்கும்போது காம்பை மட்டும்தான் பிடிப்பார். பழத்தின் மேல் இயற்கையாக இருக்கும் வெள்ளைப் பூச்சு கைபட்டு அழியக் கூடாது அவருக்கு. ஆனால் மருந்து அடிப்பதும் உண்டு, கழுவித்தான் சாப்பிட வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவர் கைதான் நினைவுக்கு வந்தது. ஓர் ஐப்பசியில் அறுப்புக்கு 2 நாள் முன்னால் மழை பிடித்துப் பழமெல்லாம் வெடித்துவிட்டது. விலை பேசிய வியாபாரி வரவே இல்லை. அடுத்த வாரமே அப்பா கத்தரியோடு பந்தலுக்குள் போய்விட்டார்.

உத்தமபாளையம் பக்கம் ஒயின் ஆலை உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள். பெரும்பாலான பழம் சாப்பிடத்தான் போகிறது, கேரளாவுக்கும் நிறைய. அப்புறம், லோயர் கேம்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தை விட்டுவிடாதீர்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் அணை கட்டிக் கிழக்கே திருப்பியவர். அந்தத் தண்ணீர்தான் எங்கள் கொடிக்கும், வைகை வழியாக உங்கள் மதுரைக்கும். அவர் பிறந்த ஜனவரி 15இல் எங்கள் பக்கம் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள்.

கூடல்நகர்வாசி:
அப்போ தைப் பொங்கலுக்கே வருகிறோம் அக்கா. அம்மாவுக்கு முட்டி வலி, பந்தலுக்குள் குனிய வேண்டுமா?

சுருளிப்பட்டிப் பெண்:
கல்தூண் பந்தல், நிமிர்ந்தே நடக்கலாம். தண்ணீர் பாய்ச்சிய அன்று மட்டும் உள்ளே சேறாக இருக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.