கஷ்ட காலத்தில் கடவுள் நடத்திய விதம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

தோட்டத்துப் பேத்தி:
எங்கள் பாட்டி ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்துக் கதையை பைபிளின் எஸ்தர் புஸ்தகத்தோடு சேர்த்துத்தான் சொல்வார். அந்தப் புஸ்தகத்தில் தேடினாலும் கடவுள் பெயர் இருக்காது. யூதர்களை ஒரே நாளில் ஒழிக்க, பாரசீக ராஜாவின் மந்திரி ஆமான் சீட்டுப்போட்டு நாள் குறித்துவிட்டான். மொர்தெகாய் என்ற யூதனுக்குத் தூக்குமரமும் நட்டாயிற்று. அன்றைக்கு ராத்திரி பார்த்து ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை. அரண்மனை நாளாகமத்தை வாசிக்கச் சொன்னால், தன் உயிரைக் காப்பாற்றியவன் இந்த மொர்தெகாய்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான், கதை திரும்பிவிட்டது. தூதன் யாரும் இறங்கி வரவில்லை.

ஜப்பான்காரன் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), மூன்றே மாத வேலை என்றுதான் பேச்சு. சயாமின் பான் போங்கிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர், காட்டுக்குள். காலராவில் கொத்துக் கொத்தாகச் செத்தது தோட்டத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்கும் (தோட்டத்து வரிசை வீடுகள்) லாரி வந்தது. தாத்தாவுக்கு ரப்பர் பால் வெட்டும் உளி பட்டுக் காலில் புண். மரவள்ளிக்கிழங்கைத் தின்ற உடம்பில் புண் எங்கே ஆறும்? பாட்டி தினமும் முழங்கால் போட்டு, இந்தக் காலை ஆற்றும் ஆண்டவரே என்று ஜெபித்திருக்கிறார். ஆறவே இல்லை. லாரி வந்த அன்று சிப்பாய் கட்டை அவிழ்க்கச் சொன்னான். துணியோடு சதையும் பிய்ந்து வர, மூக்கைப் பொத்திக்கொண்டு தாத்தாவைத் தள்ளிவிட்டான்.

பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஏறினார்கள். திரும்பவில்லை. அவர்கள் அம்மாவும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தவர்தான். அதனால் பாட்டி சபையில் எழுந்து சாட்சி சொன்னதே இல்லை. அந்த அம்மா கண்ணை மூடும்வரை சோறு மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். மைக் பிடித்துச் சொல்லும் சாட்சிகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

பழைய லயத்துக்காரன்:
நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், ஆனாலும் எழுதுகிறேன். துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற சமயம், ஒரு நாள் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில், அப்பா பெயரைக் கூப்பிடவில்லை. வேலை போனால் லயமும் போச்சு. அம்மா தீமிதி நேர்ந்துகொண்டார். வந்தது என்னவோ மளிகைக்கடைத் தவுக்கேயின் (சீன முதலாளி) கடன் புத்தகம்தான். அரிசி வாங்கியதை எழுதிக்கொண்டே இருந்தார், எப்போது தருவாய் என்று கேட்கவில்லை. 1960இல் நம்ம ஊர்க்காரர், மந்திரியாக இருந்த சம்பந்தன், நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தொழிலாளிகளிடமே பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். அதில் எங்கள் தோட்டம் இல்லை. அப்பாவுக்கு அப்புறம் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. மாரியாத்தா தவுக்கே கடையிலும் உட்காருவாள் என்பார் அம்மா.

ஈப்போவிலிருந்து ஒருவர்:
பேத்தி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பெரிய தாத்தாவும் அவர் தம்பியும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள். கொள்ளுப்பாட்டி ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவாராம், ஸ்தோத்திரப் பாட்டு வரும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டாராம். சபை ஐயரும் (போதகர்) ஏன் என்று கேட்டதில்லை. நீங்கள் சொல்லும் லயம் தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு)?