6பி பென்சில் முனை ஷார்ப்னருக்குள்ளேயே முறியுது, எது வாங்கலாம்?

கேள்வி: 6பி சீவும்போது லெட் உள்ளேயே முறிஞ்சு மாட்டிக்குது. லெட் கடினமா இருக்கற 2எச் பென்சில் ஒழுங்கா வருது. எந்த ஷார்ப்னர் நல்லது?

பதில் 1: முதல்ல பிளேடைப் பாருங்க. சீவல் நாடா மாதிரி நீளமா வந்தா கூர்மை இருக்கு. பொடியா உதிர்ந்தா மழுங்கிடுச்சு. அது மரத்தை வெட்டாம லெட்டை முறுக்கும். மென்மையான 6பி அதைத் தாங்காது. பிளேடு மாத்தக்கூடிய உலோக ஷார்ப்னரா வாங்குங்க. ஒரே ஸ்க்ரூதான்.

பதில் 2: 'கம்' (KUM) கம்பெனியோட ரெண்டு துளை லாங் பாயின்ட் (நீள முனை) ஷார்ப்னர்ல முதல் துளை மரத்தை மட்டும் சீவும், அடுத்தது லெட்டை. 2எச்-க்கு அருமை. 6பி-க்குக் குட்டை முனையே போதும், அழுத்தம் தாங்கும்.

பதில் 3: கீழே விழுந்த பென்சிலா? லெட் உள்ளேயே பல இடத்துல விரிசல் விட்டிருக்கும், எந்த ஷார்ப்னரும் உதவாது. சார்கோல் (கரி) பென்சில்னா கட்டரால மரத்தைச் சீவி, முனையை உப்புத்தாள்ல உருட்டித் தேய்ங்க.