பழைய சர்வரை விர்ச்சுவல் மெஷினாக மாற்றியவர்களே, உங்களுக்கு எங்கே இடறியது?

வண்ணார்பேட்டைக்காரன்:

நானே தொடங்கி வைக்கிறேன். பழைய சர்வரை அப்படியே நகலெடுத்து, புது சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டராக (விஎம்) ஆக்குவதைத்தான் சொல்கிறேன். எங்கள் அண்ணாச்சியின் பலசரக்கு மொத்தக் கடை ஆற்றுக்குப் பக்கம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று விடிகாலையில் நானும் ஒரு லோடுமேனும் முழங்கால் தண்ணீரில் நின்று சர்வர் பெட்டியை மச்சுக்குத் தூக்கினோம். விண்டோஸ் 2008 ஆர்2 ஓடும் பழைய டவர், ஒரு சிப்பம் அரிசி கனம் இருக்கும். அதுவரை "ஓடுததை எதுக்குத் தம்பி நோண்டணும்" என்றிருந்த அண்ணாச்சி, தண்ணீர் வடிந்ததும் அவராகவே கூப்பிட்டார். "என்னமோ சொன்னியே, பெட்டிக்குள்ள பெட்டின்னு. அதைப் பண்ணிரு."

ஒரு சனிக்கிழமை ராத்திரி கடை சாத்திய பிறகு உட்கார்ந்தேன். கடைக் கணக்கு இருக்கும் எஸ்கியூஎல் தரவுத்தள சர்வீஸை நிறுத்திவிட்டு, டிஸ்க்டூவிஹெச்டி என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து வெளி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுத்தேன். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம், அதுதான் அதில் வசதி. ஆனால் பழைய பெட்டியில் இருந்தது யூஎஸ்பி 2.0. வினாடிக்கு 30 எம்பி தாண்டவில்லை. 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரம் கொசுக்கடி.

புது சர்வரில், விஎம்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில் ஏற்றி எழுப்பினால் நீலத்திரை, துவக்க டிஸ்கை எட்ட முடியவில்லை என்னும் 7பி பிழை. விண்டோஸ் எழும்போதே டிஸ்குகளை நிர்வகிக்கும், தனக்குப் பழகிய ரெய்டு கார்டைத் தேடுகிறது. புது இடத்தில் அது கிடையாது. நான் கொடுத்திருந்த, விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓ வகை டிஸ்குக்கோ அதனிடம் டிரைவர் கிடையாது. டிஸ்கை, விண்டோஸுக்கு ஏற்கெனவே தெரிந்த பழைய ஐடிஇ வகை என்று மாற்றினேன், எழுந்துவிட்டது. அப்புறம் 1 ஜிபி அளவில் ஒரு வெற்று டிஸ்கை மட்டும் விர்ட்ஐஓவாகச் சேர்த்து, டிரைவரை நிறுவி, அணைத்து, முதல் டிஸ்கையும் விர்ட்ஐஓவுக்கு மாற்றினேன். இந்தச் சுற்றுவழி தெரியாமல் எத்தனையோ பேர் மறுபடி முதலிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி. பழைய முகவரியைக் கொடுத்தால், அது வேறொரு நெட்வொர்க் கார்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றது. இல்லாத கார்டு, ஆவி மாதிரி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டவைத்து இரண்டு பழைய கார்டுகளையும் நீக்கியதும் சரியானது. மணி இரண்டரை. சாக்கு மூட்டை மேலேயே படுத்துவிட்டேன்.

காலை ஆறரைக்குக் கடை திறந்து முதல் பில் போடப் போனால், லாக் (உரிமப் பூட்டு) இல்லை என்கிறது பில் மென்பொருள். பழைய பெட்டியின் முதுகில், தூசியோடு தூசியாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள், அதுதான் அந்த உரிமத்தின் சாவி. ஆறு வருஷமாக யாரும் தொட்டதில்லை. பிடுங்கி வந்து புது சர்வரில் செருகி, அந்த விஎம்முக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுத்தேன். அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வீட்டைப் பேத்து எடுத்துட்டு வந்துட்ட, சாவியை அங்கனயே விட்டுட்டியே வே" என்றார்.

அம்பைப் பக்கம்:

பெட்டிக்குப் பின்னால் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்காததுதான் எங்கள் கதையும். அரிசி ஆலை. சர்வரை விஎம்மாக மாற்றும் விஎம்வேர் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில், நெட்வொர்க் வழியாகவே மாற்றினோம். 500 ஜிபிக்குப் பன்னிரண்டு மணி நேரம் காட்டியது. மென்பொருளைத்தான் திட்டினேன். பார்த்தால், நடுவில் யாரோ எப்போதோ மாட்டிய 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் ஒன்று பரணில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கி நேரடியாக ஜிகாபிட்டில் போட்டதும் ஒன்றரை மணி நேரம்.

ஆனால் மறுநாள்தான் வினை. எடைமேடைக் கருவியிலிருந்து வரும் ஒன்பது ஊசி சீரியல் கேபிள் பழைய சர்வரில் செருகியிருந்தது. புது சர்வரில் அந்த போர்ட்டே கிடையாது. பிசான அறுவடை நேரம், வெளியே நெல் லாரி வரிசை. சீரியலை நெட்வொர்க்காக மாற்றும் சின்ன டப்பா வந்துசேர இரண்டு நாள் ஆனது. அதுவரை ஒரு பையன் எடையை வாசிக்க, இன்னொருவன் சீட்டில் எழுத, நான் யார் கண்ணிலும் படாமல் திரிந்தேன்.

பேட்டை:

ஒன்றே ஒன்று. எல்லோருடைய லாகினையும் கவனிக்கும் டொமைன் கன்ட்ரோலராக உங்கள் சர்வர் இருந்தால் ஓடுகிற நிலையில் நகல் எடுக்காதீங்க. விஎம்மில் புதிதாக ஒன்றை ஏற்றி, பொறுப்புகளை அதற்கு மாற்றி, பழையதை முறைப்படி இறக்குங்க. அனுபவித்தவன் சொல்கிறேன், கதை வேண்டாம்.

பாளையங்கோட்டை:

எனக்கு மாற்றும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பதினாறு நாள் கழித்து வந்தது.

ஒரு பரிசோதனைக் கூடம். எதற்கும் இருக்கட்டுமே என்று பழைய பெட்டியை அணைத்து, அதே இடத்தில், கேபிள் எல்லாம் அப்படியே விட்டு வைத்திருந்தேன். ஒரு காலையில் கரண்ட் போய் வந்தது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது. பழைய பெட்டியின் பயாஸில், கரண்ட் வந்தால் தானாக எழு என்று யாரோ ஒரு காலத்தில் வைத்திருக்கிறார்கள். புது சர்வர் எழுந்து, அதற்குள் விஎம் எழுவதற்குள், பழையது முந்திக்கொண்டு அதே பெயரையும் அதே ஐபியையும் பிடித்துவிட்டது. விஎம், முகவரி மோதுகிறது என்று ஒதுங்கிக்கொண்டது. கம்ப்யூட்டர்கள் எல்லாம் சமர்த்தாகப் பழையதோடு பேச ஆரம்பித்தன. பிழைச் செய்தி ஒன்றும் வரவில்லை.

பதினோரு மணிக்கு வரவேற்பில் இருந்த பிள்ளை போன் செய்தது. "சார், நேத்து வந்தவங்க பேரு ஒண்ணையும் காணோம். பில் நம்பரும் பின்னால போகுது."

அதற்குள் 43 பில்கள் தப்பான பெட்டிக்குள் போயிருந்தன. சாயங்காலம் வரை நானும் அந்தப் பிள்ளையும் ஒவ்வொன்றாக வாசித்து வாசித்துப் புதியதில் ஏற்றினோம். பழைய பெட்டி இன்னும் அதே மூலையில்தான் கிடக்கிறது. அதன் பவர் கேபிள் மட்டும் என் மேசை டிராயரில், பூட்டி வைத்திருக்கிறேன்.