அளவெடுத்துச் செய்த இன்சோல் பாதத்தின் உள்வளைவில் அழுத்துகிறது

கோவையில் ஆசிரியையாக இருக்கும் எனக்கு 46 வயது. தினமும் ஐந்து மணி நேரம் நின்றே பாடம் நடத்துகிறேன். எட்டு மாதங்களாக, காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே வலது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலிக்கிறது. பத்தடி நடந்தால் தணிந்து, மாலையில் திரும்பிவிடுகிறது. தட்டைப் பாதத்தோடு உள்ளங்கால் தசைநார் அழற்சியும் இருப்பதாக எலும்பு மருத்துவர் கூறினார்.

கெண்டைக்கால் நீட்டல் பயிற்சி, ஐஸ் ஒத்தடம், சிலிக்கான் குதிகால் மெத்தை, எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்பு ஆகியவற்றால் பெரிய பயனில்லை. ஆறு வாரங்களுக்கு முன் பாத அச்செடுத்து, முக்கால் நீளத்தில் கடினமான பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில், காலணிக்குள் வைக்கும் இன்சோல் செய்து வாங்கினேன். குதிகால் வலி பாதியாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் தினமும் ஒரு மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பழக்கியும், நான்கு மணி நேரம் தாண்டினால் உள்வளைவில் ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சிவந்து தடித்துவிடுகிறது.

இதே கடின வகையை அணிபவர்கள் சொல்லுங்கள்: வளைவின் உயரத்தைத் தேய்த்துக் குறைத்த பிறகும் உங்களுக்குக் குதிகால் வலி திரும்பாமல் இருந்ததா?